நீல மூடி, வெள்ளை மூடி

பிப்ரவரி 9, திங்கள்

எழுந்ததும் பால்கனிக்குப் போய்க் கீழே பார்த்தேன். பல் கூட விளக்கவில்லை. பனி. ஜி.எஸ்.டி. ரோட்டின் சத்தம் மட்டும், வண்டி ஒன்றும் தெரியவில்லை. பூங்காவில் ஸ்பிரிங்ளர் சுற்றிக்கொண்டிருந்தது. சரி, ஓடுகிறது.

அந்தத் தண்ணீர் என் தண்ணீர். பி பிளாக் குளியலறையும் சமையலறையும் கழித்துவிடுவது, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இருக்கும் கல்வாழைத் தொட்டிக்குள் ஒரு முனையில் போகிறது. ஜல்லியிலும் வேரிலும் வடிந்து மறுமுனையில் வருகிறது. பொங்கலிலிருந்து புல்லுக்கு அதுதான். தினம் ஒரு தடவை பார்க்காமல் டீ இறங்குவதில்லை.

வெள்ளிக்கிழமை சினாப்சிஸ் மீட்டிங். கமிட்டி சரி என்றால் தீசிஸ் எழுதிக் கொடுத்துவிடலாம். சொன்ன வருஷமெல்லாம் தாண்டி, கெஞ்சி வாங்கிய நீட்டிப்பு. அதுவும் ஜூனோடு முடிகிறது. அதற்கு மேல் கிடையாது என்று கடிதத்திலேயே போட்டுவிட்டார்கள். லீவு போட்டுவிட்டு வந்த பாலிடெக்னிக் வேலையிலும் என் இடத்தை ஜூன் வரைதான் வைத்திருப்பார்களாம். எல்லாம் ஜூனில் போய் நிற்கிறது.

இந்த வாரம்:
– ஸ்லைடு பாதியாகக் குறைக்க
– கெமி. சார் கையெழுத்து (நாளை விட்டால் ஆள் கிடைக்க மாட்டார்)
– மை. மேடம் கையெழுத்து
– ஆயிஷா பிராக்டிகல் ரெக்கார்டுக்கு அட்டை
– இட்லி அரிசி, உளுந்து
– நோன்புக்கு முன் ஃப்ரிட்ஜ் துடைக்க

பெருங்களத்தூரில் பஸ் நிற்கவில்லை. ஷேர் ஆட்டோ. டிரைவர், "இன்னாமா, காலேஜாண்ட எறங்குவியா? புள்ளைக்கு சாப்பாடு எட்துனு போறியா?" என்றார். ஆமாம் என்றேன். லேப்டாப் பையைச் சாப்பாட்டுப் பை என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். கேட்டில் புது செக்யூரிட்டி. "பேரன்ட்ஸ் மீட்டிங் நாளைக்கும்மா." அடையாள அட்டையைக் காட்டினேன். அவர்தான் வெட்கப்பட்டார். பாவம்.

ஃபைல் அட்டையில் 'இயற்கை மற்றும் பயன்பாட்டு அறிவியல் பல்துறை முனைவர் திட்டம்' என்று போட்டிருக்கிறது. நிஜத்தில் என்னவென்றால், கெமிஸ்ட்ரி மூன்றாம் மாடி, மைக்ரோபயாலஜி தரைத்தளம், நான் மாடிப்படி. கைடு இரண்டு பேர், மேலே கெமி. சார், கீழே மை. மேடம். இரண்டு மாமியார் இருக்கும் வீடு மாதிரி. மேலே ஒரு சமையல், கீழே ஒரு சமையல், இரண்டையும் ருசி என்று சொல்ல வேண்டும்.

மை. மேடம் இன்று மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டிவிட்டு, "சபீனா, தொட்டிக்குள்ள போற தண்ணியில இவ்வளவு ஈ.கோலி, வெளியில வர்றதுல கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. இப்படி ரிசல்ட் நான் பார்த்ததே இல்ல" என்றார். ஈ.கோலி என்ற மலக்கிருமியைக் கல்வாழை ஒழித்துவிட்டது என்று பாராட்டுதான். ஆனால் வீடு வரும் வரை 'பார்த்ததே இல்ல' காதில் நின்றது. எனக்கு எதுவும் பாராட்டாக வந்து சேருவதில்லை.

சாயங்காலம் பூங்காவில் பிள்ளைகள் ஸ்பிரிங்ளருக்குள் ஓடி ஓடி நனைந்தார்கள். சங்கத்துச் செக்ரட்டரி சார் பெஞ்சில். "மேடம், டேங்கர் லாரிக்காரன் என்னைப் பார்த்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கிறான். உங்களாலதான்." சிரித்தார். ஞாயிறு ஜெனரல் பாடியில் மூன்று பிளாக்குக்கும் இந்தத் தண்ணீருக்குப் பைப் போட ஓட்டெடுப்பாம். ஏப்ரலில் பிள்ளைகளுக்கு ஷவர் மாதிரி ஒன்று வைக்கலாமா என்று கேட்டார். 'புல்லுக்கும் பூங்காவுக்கும் உகந்தது' என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு பக்கம் நோட்டீஸ் போர்டில், கண்ணாடிக்குள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

பனி இல்லை. தலைவலி.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் மண்டைக்குள் மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருப்பேன்.

கெமி. சார் கையெழுத்துக்காக மூன்றாம் மாடி. வகுப்பில் இருந்தார். லேபில் காத்திருந்தேன். சுகன்யா (அவருடைய ஸ்காலர், குரோம்பேட்டைப் பெண், வாய் ஓயாது) கழுவிக் காயவைத்த பாட்டில்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் டிராப்பரால் எதையோ விட்டு மூடிக்கொண்டிருந்தாள்.

"என்ன சுகன்யா, கண்ணுக்கு மருந்து விடுற மாதிரி இருக்கு."

"ஆமாக்கா, எல்லாருக்கும் மெட்ராஸ் ஐ." அடுத்த பாட்டிலை எடுத்தாள். "ஆசிட்தான்கா. நைட்ரிக். கழுவினதும் கொஞ்சம் சொட்டு விட்டு மூடி வெச்சிருவோம். சாம்பிள் எடுக்கப் போறவங்க ஆசிட்டைத் தூக்கிட்டு அலைய வேணாம்ல. லெட், காப்பர்லாம் பாட்டில் சுவத்துல ஒட்டாது."

"எல்லா பாட்டில்லயுமா?"

"நீல மூடி எல்லாத்துலயும். நான் சேர்றதுக்கு முன்னாடிலேர்ந்தே அப்படித்தான். ஏங்க்கா, உங்களுக்குத் தெரியாதா? இங்க எல்லாருக்கும் தெரியுமே."

இங்கே எல்லோருக்கும் தெரியும். கீழே யாருக்கும் தெரியாது.

தொட்டிக்குள் போகும் தண்ணீர், வெள்ளை மூடி. வெளியே வரும் தண்ணீர், நீல மூடி. முதல் நாளிலிருந்தே. கீழே பாட்டில் தட்டுப்பாடு, பாதிதான் கொடுப்பார்கள். மீதிக்கு மேலே கேட்டேன். இரண்டு நிறத்தில் வந்ததும் எனக்குச் சந்தோஷம். ஒன்றுக்கொன்று மாறிப்போகாது. வீட்டில் உப்புக்கு வெள்ளை மூடி, சர்க்கரைக்கு நீல மூடி வைத்திருக்கிறேனே, அப்படி.

வெள்ளை மூடி பாட்டில்களைக் கீழே ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்கித் தருவார்கள். நீல மூடியை வேகவைத்தால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். அப்போது மை. மேடம் சந்தேகமாகத்தான் கேட்டார். நான் மேலே போய்க் கேட்டேன். "ஆசிட் வாஷ் பண்ணினதும்மா, ஒரு கிருமி இருக்காது" என்றார் கெமி. சார். கீழே வந்து அதையே சொன்னேன். மேடம் தலையாட்டினார். அலசிக் கழுவிவிட்டார்கள் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். பாட்டில் அடியில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். கழுவின ஈரம் என்று நினைத்தேன்.

பிடிக்கும் தண்ணீராலேயே பாட்டிலை ஒரு தரம் அலசியிருந்தால் அந்த ஆசிட் போயிருக்கும். நான் அலசவில்லை. பாக்டீரியா பாட்டிலை அலசக் கூடாது என்பது கீழே போட்ட முதல் விதி. விதியை ஒரு நாளும் மீறவில்லை.

அப்படியென்றால் ஈ.கோலியைக் கொன்றது கல்வாழையா, பாட்டிலா?

கெமி. சார் வந்தார். கையெழுத்துப் போட்டார். "ஆல் தி பெஸ்ட்மா" என்றார். தேங்க் யூ சார் என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன், "ஆன்ட்டி, ஆர் யூ ஓகே?" என்றான்.

இட்லி அரிசி வாங்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 11, புதன்

முதல் வேலையாகத் தொட்டிக்குப் போனேன். இவர் இன்னும் எழவில்லை.

வெளியே வரும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்தேன். அதே வாளியிலிருந்து ஒரு வெள்ளை மூடி, ஒரு நீல மூடி. உள்ளே போகும் தண்ணீர் இன்னொரு வெள்ளை மூடியில். மூன்று பாட்டில். எத்தனை எளிய வேலை. இத்தனை வருஷத்தில் ஒரு நாள் செய்திருக்கலாம். ஒரே ஒரு நாள்.

வாட்ச்மேன் கன்னியப்பன் அண்ணன் வந்து, "இன்னாக்கா, காலங்காத்தால சாக்கடையாண்ட கீறே? ஸ்பிரிங்ளரு போட்டுறவா?" என்றார்.

"இன்னிக்கு வேணாம்ணா."

"செக்ரட்டரி கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

ஆனால் பஸ் ஏறும்போது திரும்பிப் பார்த்தால் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ போடச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பிப் போய் நிறுத்த வைக்கவில்லை. ஐஸ் பெட்டியில் சாம்பிள், நேரமாகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கீழ் லேபில் மூன்று தண்ணீரையும் கிருமி வளரும் பிளேட்டில் போட்டேன். கருஞ்சிவப்பு மீடியம். மை. மேடம் எட்டிப் பார்த்தார். "இப்ப எதுக்கு சாம்பிள்? எல்லாம் முடிஞ்சாச்சே."

"சும்மா, ஒரு செக் மேடம்."

"டென்ஷன் ஆகாதீங்க. வெள்ளிக்கிழமை ஃபார்மாலிட்டிதான்."

இன்குபேட்டரில் வைத்தாயிற்று. நாளை காலை வரை தெரியாது. தெரியாமல் இருக்கும் கடைசி நாள் என்றும் தோன்றியது. ஒருவேளை இரண்டு பிளேட்டும் ஒன்றாக இருக்கலாம். ஆசிட் அவ்வளவு கொஞ்சம், தண்ணீர் அவ்வளவு நிறைய. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிருமியைக் கொல்லப் போதும் என்றுதான் வந்தது. திரும்பப் போட்டேன்.

ஆயிஷாவுக்கு கெமிஸ்ட்ரி பிராக்டிகல். மதியம் போன். "ம்மா, சூப்பர். உப்பு கரெக்டா கண்டுபிடிச்சிட்டேன். பக்கத்துல ஒருத்தி டெஸ்ட் டியூபைக் கழுவாமலே போட்டா, அவளுக்கு வேற உப்பு வந்துடுச்சு." விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் பூங்கா வாசலில் சி பிளாக் ரேவதி. மகன் இரண்டு நாளாக ஸ்கூல் போகவில்லையாம். வயிற்றுப்போக்கு. "பஸ் ஸ்டாண்டு பானிபூரிக்கா. இவங்கப்பாதான் வாங்கிக் குடுத்தாரு. ஊட்டி விட்டுட்டு இப்ப என்னைத் திட்டறாரு."

பானிபூரியாக இருக்கலாம். பானிபூரியாகத்தான் இருக்க வேண்டும். திங்கள்கிழமை ஸ்பிரிங்ளரில் ஓடினவர்களில் அவனும் இருந்தானா? மஞ்சள் டவுசர் ஒன்று ஞாபகம் வருகிறது. அவனுடையதா தெரியவில்லை. ரேவதியிடம் கேட்க வாய் வரவில்லை. "உப்பு சர்க்கரைத் தண்ணி குடு" என்று மட்டும் சொன்னேன். கொதிக்கவைத்த தண்ணீரில் என்று இரண்டு தரம்.

பீரோவுக்குப் பின்னால் ஆயிஷாவின் ஹால் டிக்கெட் விழுந்துவிட்டதா என்று தேடினால், செய்தித்தாளில் சுற்றி ஒரு டைல். வாசலில் பதிக்க, தாம்பரத்தில் தன் டைல் கடையில் இவர் செய்யவைத்திருக்கிறார். வெள்ளையில் நீல எழுத்து. 'டாக்டர் சபீனா'. திரும்பச் சுற்றி அதே இடத்தில் வைத்தேன். ஹால் டிக்கெட் அவள் பையிலேயே இருந்தது.

பிப்ரவரி 12, வியாழன்

மேகம். மழை வராது, சும்மா ஒரு புழுக்கம்.

இன்குபேட்டரை யாரும் வருவதற்கு முன் திறந்தேன்.

நீல மூடி: சுத்தம். ஓரத்தில் ஏதோ ஒரு புள்ளி, அவ்வளவுதான். என் மூன்றாம் அத்தியாயம் முழுக்க இருக்கும் அதே அழகான பிளேட்.

வெள்ளை மூடி, அதே வாளித் தண்ணீர்: எண்ண முடியாது. பிளேட் முழுக்கப் பச்சை மினுமினுப்பு, வண்டின் முதுகு மாதிரி. ஈ.கோலி அப்படித்தான் மின்னும். பார்க்க அழகாகக்கூட இருந்தது.

உள்ளே போகும் தண்ணீர்: அதைவிட இன்னும் கொஞ்சம் நெருக்கம். கல்வாழை ஏதோ செய்கிறது. கொஞ்சம். பிள்ளைகள் மேல் தெளிக்கும் அளவுக்கு இல்லை.

உட்கார்ந்தேன். பிறகு எழுந்து போட்டோ எடுத்தேன். படம் ஆடிப்போய் வந்தது. மறுபடி எடுத்தேன்.

பின்னால் சுகன்யா. தெர்மாகோல் பெட்டி கேட்க வந்திருக்கிறாள். பிளேட்டைப் பார்த்தாள், பாட்டில் மூடியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். கெட்டிக்காரி.

"அக்கா. எல்லா சாம்பிளுமேவா?"

"வெளியில வர்றது எல்லாம்."

போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்கா. நாளைக்கு முடியட்டும். கெமி. சார் அவர் பக்கத்தை மட்டும்தான் படிப்பாரு, மேடம் அவங்க பக்கத்தை. பாட்டிலு எந்தப் பக்கத்துலயும் வராது. சினாப்சிஸ் ஓகே ஆனப்புறம் மெதுவா ரெண்டு மூணு சாம்பிள் எடுத்து, ஒரு கரெக்ஷன் மாதிரி சேர்த்துடுங்க. வைவாக்குள்ள டைம் இருக்கு."

"அப்புறம் மழைக்கால சாம்பிளுக்கு? வெயில் காலத்துக்கு?"

"அதெல்லாம் யாரு கேட்கப்போறா. எல்லார் தீசிஸ்லயும் ஏதோ ஒண்ணு இருக்குக்கா. என்னோடதுல இல்லையா என்ன." என் தோளைத் தொட்டாள். "இவ்வளவு வருஷம் வந்துட்டீங்க. ஒரு நாளைக்காக விட்டுடாதீங்க."

நல்ல பெண். என் மேல் பிரியத்தில்தான் சொன்னாள். அவள் சொன்ன ஒவ்வொன்றையும் செவ்வாய்க்கிழமையே நான் எனக்குச் சொல்லிப் பார்த்திருந்தேன், இதைவிட நல்ல வார்த்தைகளில்.

சொன்னால்: மூன்றாம் அத்தியாயம் போகும். மூன்று பருவத்துக்கும் திரும்ப எடுக்க வேண்டும். ஒரு வருஷம். ஜூனில் பதிவு ரத்து. பாலிடெக்னிக் வேலையும் போகும். நாற்பத்தாறு வயதில் யார் புதிதாக எடுப்பார்கள். இவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒன்றும் சொல்லாமல் அந்த டைலை எங்காவது கொண்டுபோய் வைப்பார், அதை நினைத்தால்தான்.

சொல்லாவிட்டால்: ஞாயிறு ஓட்டெடுப்பு. ஏப்ரல் ஷவர்.

இதை இரண்டு பத்தியாக எழுதினால் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கிறது. சிறியதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

வரும் வழியில் தாம்பரத்தில் இறங்கி இவர் கடைக்குப் போனேன், சொல்லிவிடலாம் என்று. கஸ்டமர் இருந்தார்கள். பாத்ரூம் டைல் வழுக்குமா வழுக்காதா என்று ஒரு வாக்குவாதம். இவர் டைல் மேல் தண்ணீர் ஊற்றி, "நீங்களே ஏறி நின்னு பாருங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர் செருப்பைக் கழற்றி ஏறி நின்றார். இவர் என்னைப் பார்த்து, "என்ன சபீ, டயர்டா இருக்கே. நாளைக்கு நானே கார்ல விடறேன்" என்றார். சரி என்றேன். பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பூங்கா வாசலில் ரேவதி இல்லை. சி பிளாக் வரை நடந்துபோய் மணி அடித்தேன். பையன் சோபாவில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டு, பிஸ்கட். "இப்ப பரவால்லக்கா" என்றாள். மஞ்சள் டவுசர் துணி காயப்போடும் கொடியில். அவனுடையதா, தம்பியுடையதா, கேட்கவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

நல்ல பனி. ஃபஜ்ர் தொழுதுவிட்டு நேராகக் கீழே இறங்கினேன். தொட்டியிலிருந்து ஸ்பிரிங்ளருக்குப் போகும் வால்வை மூடி, அதன் சிவப்புக் கைப்பிடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஆயிஷாவின் ஸ்கேல் பெட்டியிலிருந்த ஸ்பேனர். அவள் பெட்டியில் ஸ்பேனர் எதற்கு என்று அப்புறம் கேட்க வேண்டும்.

கன்னியப்பன் அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். "ரிப்பேராக்கா?"

"ஆமாண்ணா. இனிமே யார் சொன்னாலும் ஓடாது."

"செக்ரட்டரி பேஜார் பண்ணுவாரே."

"சாயங்காலம் நானே போய்ப் பேசுறேன்."

நோட்டீஸ் போர்டுக் கண்ணாடி பூட்டியிருக்கிறது. சாவி செக்ரட்டரி சாரிடம். அதுவும் சாயங்காலம்.

இட்லி இல்லை, உப்புமா. இவர் புதுச் சட்டை போட்டிருக்கிறார், ஜும்மாவுக்கா எனக்கா தெரியவில்லை. "முடிஞ்சதும் போன் பண்ணு. பிரியாணி சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். ஆயிஷா, "ம்மா, நீ டாக்டர் ஆனா எனக்கு லீவு லெட்டர் நீயே எழுதிக் குடுக்கலாம்ல" என்றாள். அந்த டாக்டர் இல்லை என்று எப்போதும் போல் சொன்னேன். மை. மேடம் மெசேஜ்: 'பத்து மணி ஷார்ப். புன்னகையோடு வாருங்கள்.' சுகன்யா ஒரு கைகூப்பும் படம் அனுப்பியிருக்கிறாள். வேறொன்றும் இல்லை.

நன்றாகத் தூங்கினேன் என்பது ஆச்சரியம்.

ஸ்லைடில் ஒரே ஒரு மாற்றம். தலைப்புக்கு அடுத்து, ஈ.கோலி குறைந்ததைக் காட்டும் கிராஃப் இருந்த இடத்தில், நேற்று எடுத்த இரண்டு பிளேட் படம். ஒன்று சுத்தம், ஒன்று பச்சை. கீழே ஒரு வரி: ஒரே வாளித் தண்ணீர். இரண்டு கைடும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது, அவரவர் பக்கத்தைப் புரட்ட ஆரம்பிப்பதற்கு முன்னால், முதலில் அதைக் காட்டப்போகிறேன். பாட்டில் இரண்டும் சாப்பாட்டுப் பையில். மூன்றாம் அத்தியாயத்தை நானே வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, ஒரு வருஷம் கேட்பேன். கொடுக்க மாட்டார்கள். கேட்பேன்.

இவரிடம் காரிலும் சொல்லப்போவதில்லை. சொன்னால் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார். அப்புறம் என்னால் இறங்க முடியாது.

ஹாரன். கீழே வந்துவிட்டார்.